ஆற்றுக்கு அந்தப் பக்கம் பர்த்கவூ

இஸ்ஃபஹான்
மெஹ்ர் 9

அன்புள்ள அக்கா பரிகுலுக்கு,

தம்பி ஃபராமர்ஸ் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் ஞாபகம் வரும்போது மட்டும் கொஞ்சம் நன்றாக இல்லை. நீயும் அத்தான் குதாகரமும் மகள் ரானாவும் சுகமாக இருக்கவேண்டும் என்று நினைத்தபடியே எழுதுகிறேன். ஆடுகளுக்குக் குளிர்காலத் தீவனம் சேர்த்தாயிற்றா? அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது?

மூக்குக்கண்ணாடிக் கடையில் இப்போது நிற்க நேரமில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும்தான் இந்த நகரத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் கண் ஞாபகம் வருகிறது. கடை மூடிய பிறகு நான் செய்கிற இன்னொரு வேலையைப் பற்றி உன்னிடம் சரியாகச் சொன்னதில்லை. சம்பளம் இல்லாத வேலை. இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். நான் திருத்துகிறவர்களில் ஒருவன்.

பல வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் மக்கள்தொகைக் கணக்கிலிருந்த பெயரையெல்லாம் அள்ளி, பெயருக்கு ஒரு கட்டுரை என்று அதில் ஏற்றிவிட்டான். அந்தக் கணக்கில் தண்ணீர் பம்பும் ஒரு பெயர், கோழிப்பண்ணையும் ஒரு பெயர். எல்லாம் 'கிராமம்' ஆகிவிட்டது. கெர்மான் பக்கம் ஒரு கிராமத்தைத் தேடிப் போனவர் பெட்ரோல் பங்கில் போய் நின்றாராம். இப்போது நாங்கள் சிலர் சேர்ந்து எது ஊர், எது ஊர் இல்லை என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம். தெஹ்ரானில் தூரான் கானும் என்று ஓர் அம்மா, நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவர்தான் எங்களுக்குத் தலைவி. ஓர் ஊருக்குக் கட்டுரை நிற்கவேண்டுமானால் அங்கே ஆள் குடியிருக்க வேண்டும். அதோடு, அந்த ஊரோடு சம்பந்தமில்லாத யாராவது அதைப் பற்றி அச்சில் எழுதியிருக்க வேண்டும். இதுதான் விதி.

சும்மா கேட்கிறேன். நம் பர்த்கவூவைப் பற்றி எந்தப் பத்திரிகையிலாவது, புத்தகத்திலாவது எப்போதாவது ஏதாவது வந்திருக்கிறதா? உனக்குத் தெரிந்திருக்கலாம்.

ரானாவின் கன்னத்தில் எனக்காக ஒரு கிள்ளு.

உன் தம்பி,
ஃபராமர்ஸ்

*

பர்த்கவூ
மெஹ்ர் 27

கண்ணான தம்பிக்கு,

அக்காவின் ஆசி. உன் கடிதத்தை மினிபஸ் ஓட்டும் நூருல்லா ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கம்பியில் தொங்கும் நம் கர்கர்ப் பெட்டியில் போட்டு அனுப்பினான். நான் கயிற்றை இழுத்தேன். பெட்டிக்குள் ஒரு சாக்கு மாவும் அதன்மேல் நீயும் வந்து சேர்ந்தீர்கள். நாங்கள் எல்லோரும் சௌக்கியம். உன் அத்தானின் முழங்கால், வேலை என்று சொன்னால் வலிக்கிறது. கல்யாணச் சாப்பாடு என்று சொன்னால் வலிக்கவில்லை.

சும்மா கேட்கிற ஆள் இல்லை நீ. சின்ன வயதில் "சும்மா கேக்குறேன், தயிர் இருக்கா?" என்று நீ கேட்டால் சட்டி ஏற்கெனவே காலியாகியிருக்கும்.

உன் கடிதத்தை வாசலில் வைத்தே படித்துக் காட்டினேன். குதாகரம் கேட்டான்:

"ஊரு இருக்கா இல்லையான்னு முடிவு பண்றது யாரு?"

"உன் மச்சான்தான்" என்றேன்.

"அவனா? அவன் இருக்கானான்னு முடிவு பண்ணது நம்ம. காய்ச்சல்ல கிடந்தப்ப கர்கர்ல தூக்கிட்டுப் போனோம்."

சிரிப்பு அடங்கிய பிறகு எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. கோடையில் பாலம் கேட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம் இல்லையா, அங்கே இருந்த அதிகாரி மேஜையிலிருந்த கணினியைத் திருப்பிக் காட்டினார். "இங்க பாருங்கம்மா, பர்த்கவூ, குடியிருப்போர் இல்லைன்னு போட்டிருக்கு. ஆள் இல்லாத இடத்துக்கு எப்படிப் பாலம் எழுதுறது?" என்றார். ஆள் இல்லாத இடத்திலிருந்து வந்தவர்கள் அவர் எதிரே நின்றுகொண்டிருந்தோம். அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

ஏன் அப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். கணக்கெடுக்க வந்தவன் அக்கரையில் நின்று கர்கரைப் பார்த்தான். ஏற மாட்டேன் என்றுவிட்டான். அங்கிருந்தே கூப்பிட்டுப் பார்த்தான். ஆற்றுச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டான்.

உங்கள் இஸ்ஃபஹானில் அழகழகாகப் பாலம் இருக்கிறது, கீழே ஆறு வறண்டு இல்லாமல் போயிற்று. எங்களுக்கு ஆறு இருக்கிறது, பாலம் இல்லை. நீ இருக்கிற இடத்தில் இதையும் கொஞ்சம் சொல்லிவை.

இப்போது உண்மையைச் சொல். எதற்குக் கேட்டாய்?

எப்போதும் உன்னையே நினைக்கும்
பரிகுல்

*

இஸ்ஃபஹான்
ஆபான் 12

அக்கா,

வணக்கமும் அன்பும். எனக்கு லேசாகச் சளி; மற்றபடி குறையில்லை. நீங்கள் எல்லோரும் நலம் என்று படித்ததும் பாதிச் சளி போய்விட்டது. மீதிப் பாதி இந்தக் கடிதத்தை எழுதப் பயந்ததால் இன்னும் இருக்கிறது.

நீக்கவேண்டிய ஊர்களின் வரிசையில் பர்த்கவூவைச் சேர்த்தது நான்தான்.

கோபப்படு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு. நம் மாவட்டம் என் பங்காக வந்தது. மலைமேல் இருந்த எத்தனையோ பெயர்களை நான் ஆதாரமில்லை என்று நீக்கினேன். பர்த்கவூ வந்ததும் என் கை நின்றுவிட்டது. கட்டுரையில் ஒரே ஒரு வரி, அதுவும் அந்தக் கணக்கெடுப்புக்காரன் எழுதிய வரி. அடுத்தவன் ஊரை நீக்கிவிட்டு என் ஊரை மட்டும் விட்டுவைத்தால் என் பேச்சுக்கு என்ன மரியாதை? அதனால் நானே அதை விவாதத்துக்கு வைத்தேன். இது நான் பிறந்த ஊர் என்பதையும் எழுதினேன்.

தூரான் கானும் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஏன்பா, பெத்த ஊரையே தூக்கப் போறியா?" என்றார். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே, கானும்" என்றேன். "சரி. அப்ப நீ ஓட்டுப் போடாத. ஆதாரம் கிடைச்சா கொண்டு வா. வருஷக் கடைசி, எஸ்ஃபந்த் வரைக்கும் திறந்து வைக்கிறேன்" என்றார்.

மாவட்ட அலுவலகத்தில் கணினியைத் திருப்பிக் காட்டினார் என்று நீ எழுதியதைப் படித்த பிறகு எங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், அதே சொற்கள். அவர் பார்த்தது எங்கள் பக்கத்தைத்தான். அந்த வரி எங்களிடமிருந்துதான் போயிருக்கிறது.

நீ எப்படியாவது ஒரு வெளியாள் எழுதிய அச்சுக் காகிதம் தேடித் தா. ஒன்று போதும்.

அத்தானிடம் சொல்லு, என்னை அடிப்பதானால் புத்தாண்டுக்கு வரும்போது அடிக்கட்டும்.

ஃபராமர்ஸ்

*

பர்த்கவூ
ஆபான் 30

ஃபராமர்ஸ்,

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நாங்கள் இருக்கிறோம். இருக்கிறோம் என்பதை இப்போது அடிக்கோடு போட்டுச் சொல்லவேண்டியிருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்து ஒரு வாரம் உனக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். குதாகரம்தான், "அவன் செஞ்சது ஆம்பளத்தனம். சொந்த ஊருக்குச் சலுகை காட்டலை" என்றான். யோசித்தேன். சரிதான். ஆனால் கோபம் போகவில்லை, ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கேள். தம்பி என்பதற்காக எங்களைக் காப்பாற்றாதே. பர்த்கவூ யாரிடமும் போய் இடம் கொடு என்று கெஞ்சியதில்லை. நிற்கிற தகுதி இருந்தால் நிற்போம்.

தகுதி இருக்கிறதா என்றால், மேட்டுக் கல்லறையில் இருக்கிற கல் சிங்கங்களைப் போய்ப் பார்த்தேன். போரில் விழுந்தவர்களுக்கும் பெரிய வேட்டைக்காரர்களுக்கும் வைத்த சிங்கங்கள். ஒன்றின் விலாவில் வாளும் துப்பாக்கியும் செதுக்கியிருக்கும், நீ அதன்மேல் ஏறி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டாயே, அது. இப்படி ஒரு வரிசை இந்தப் பள்ளத்தாக்கில் வேறு யாரிடமும் கிடையாது. ஆனால் இதைப் பற்றி யாரும் அச்சில் எழுதவில்லை.

எழுத ஒருவன் வந்தான். போன வருஷம், நகரத்திலிருந்து ஒரு நிருபன். கர்கர் கம்பியில் விரல் போன பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கையை நீட்டச் சொல்லிப் படம் எடுக்கப் பார்த்தான். நான் குறுக்கே போய் நின்றேன்.

"படம் எடுக்கணும்னா எங்க சிங்கத்த எடு" என்றேன்.

"சிங்கத்த யாரும்மா படிப்பா? விரலத்தான் படிப்பாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எங்க நல்லத நாங்க பாத்துக்குறோம். நீ பெட்டில ஏறு. உன்ன அக்கரைல விடுறேன்."

விட்டுவிட்டு வந்தேன். அவன் அப்போது எழுதியிருந்தால் உனக்கு இன்று உன் காகிதம் கிடைத்திருக்கும். வருத்தமில்லை. பிள்ளைகளின் கையைக் காட்டி நாங்கள் எந்தப் புத்தகத்திலும் ஏற மாட்டோம்.

இனி மழைக்காலம். ஆண்கள் மந்தையோடு கீழ்ச் சமவெளிக்கு இறங்குகிறார்கள். கடிதம் தாமதமானால் கவலைப்படாதே.

பரிகுல்

*

பர்த்கவூ
தேய் 28

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். நீ அனுப்பிய இரண்டு கடிதமும் வந்தன. பதில் போட முடியவில்லை, வேலை அதிகம். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறித் தொலைபேசியில் பேசவில்லையே என்று கேட்டிருந்தாய். தொலைபேசி தண்ணீரில் விழுந்துவிட்டது.

இதை நான் சொல்லச் சொல்ல ரானா எழுதுகிறாள். எனக்குக் கண்ணில் கொஞ்சம் வலி.

ஊர்ச் செய்தி. மழை நல்ல மழை. ஆறு பெருகி வந்தது. கர்கருக்குப் புதுக் கம்பி போட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டு ஸனத்துக்கு நகரத்து ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம். ஸனத்தின் மாமியார் யாரையும் கேட்காமல் குழந்தைக்கு என் பெயரை வைத்துவிட்டாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

குதாகரம் மந்தையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு முன்னதாகவே வந்துவிட்டான். இப்போது வீட்டில் ரொட்டி சுடுவது அவன்தான். மாவைத் தட்டும்போது அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே. ஊர்ப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வருகிறார்கள். ரொட்டி நம் மாவட்ட வரைபடம் மாதிரி வருகிறது. தின்கிறோம்.

நிருபர் யாரையும் அனுப்பாதே. ஏன் என்று முன்னால் சொல்லியிருக்கிறேன்.

உன் அக்கா

*

இஸ்ஃபஹான்
பஹ்மன் 9

அக்கா,

நான் நலம். நீ நலமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

கண் வலி என்று எழுதியிருக்கிறாய். அக்கா, நான் கண்ணாடி விற்றுச் சாப்பிடுகிறவன். எந்தக் கண்? தூரத்தில் இருப்பது தெரியவில்லையா, கிட்டத்தில் இருப்பதா? தண்ணீர் வடிகிறதா? தலையும் சேர்ந்து வலிக்கிறதா? ஒன்றுகூட எழுதவில்லை. வலிக்கிற கண்ணைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசுகிறவரை நான் கடையில் பார்த்ததே இல்லை. அத்தான் ஏன் ரொட்டி சுடுகிறார்? ஊர்ப் பிள்ளைக்கு ஏன் உன் பெயர்?

இந்தப் பக்கம் விவாதம் சரியாகப் போகவில்லை. வந்தவர்கள் எல்லோரும் நீக்கலாம் என்றே எழுதியிருக்கிறார்கள். ஒருவர், "விவாதத்துக்கு வைத்தவர் இந்த ஊரில் பிறந்தார் என்பது ஊருக்கு ஆதாரமாகாது" என்று எழுதினார். அது சரிதான் என்று நானே கீழே எழுதினேன். எழுதிவிட்டுக் கணினியை மூடிவிட்டேன்.

ஊர் கிடக்கட்டும். நீ எழுது. உன் கையால் எழுது.

ஃபராமர்ஸ்

*

இஸ்ஃபஹான்
பஹ்மன் 16

அக்கா,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

இலையுதிர் காலத்திலிருந்து அவ்வப்போது 'பர்த்கவூ' என்று இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன். எப்போதும் எங்கள் ஒற்றை வரி மட்டும்தான் வரும். நேற்று இரண்டாவதாக ஒன்று வந்தது. மாகாணப் பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி. கடையில் ஒரு கிழவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பார்த்தேன். தொலைந்த பொருள் கையில் கிடைத்தது மாதிரி இருந்தது. திறந்தேன்.

'கைவிடப்பட்ட மலையூர்: பிரசவப் பெண்ணை ஆறு கடத்தியபோது விரல்களை இழந்த ஏழைப் பெண்.' உள்ளே உன் பெயர். வலது கை. சுட்டு விரலும் நடு விரலும்.

கிழவர், "என்னப்பா, என் கண்ணு அவ்வளவு மோசமா?" என்று கேட்டார். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

தூரான் கானுமைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அச்சில் ஒன்று கிடைத்திருக்கிறது, ஆனால் இப்போதைக்குக் காட்ட மாட்டேன், அக்காவிடம் கேட்கவேண்டும் என்றேன்.

"கலைக்களஞ்சியத்துக்கு அக்கா எதுக்குப்பா?" என்றார்.

சொன்னேன். பிறகு, "கேளு. நான் காத்திருக்கேன்" என்றார்.

அந்தச் செய்தி விதிக்குச் சரியாகப் பொருந்துகிறது. வெளியாள் எழுதியது, அச்சில் வந்தது, ஆள் இருக்கிறார்கள் என்று சொல்கிறது. அதை வைத்தால் ஊர் நிற்கும். நீ எந்தக் காரணத்துக்காக அந்த நிருபனை அக்கரையில் கொண்டுபோய் விட்டாயோ, அதையே நான் உன் கையை வைத்துச் செய்ததாக ஆகும். நீ வேண்டாம் என்றால் அது என்னோடு இருக்கும். ஊர் போகட்டும்.

ஏன் சொல்லவில்லை, அக்கா?

ஃபராமர்ஸ்

*

பர்த்கவூ
எஸ்ஃபந்த் 10

என் உயிர்த் தம்பிக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறது என்று சிரிக்காதே. இடது கையால் எழுதுகிறேன். ரானாவின் முதல் வகுப்பு நோட்டில் பழகினேன். நான் நலம். இந்த முறை பொய் இல்லை. புண் ஆறிவிட்டது. பச்சைத் தண்ணீர் பட்டால் மட்டும் இல்லாத விரல்கள் வலிக்கின்றன.

ஏன் சொல்லவில்லை என்றா கேட்டாய்? சொன்னால் அடுத்த பேருந்தில் ஏறி வந்து, என்னை இஸ்ஃபஹானுக்குக் கூப்பிட்டிருப்பாய். ஏற்கெனவே ஊரை இல்லை என்று சொல்கிறார்கள். நானும் கிளம்பினால் அது உண்மையாகிவிடும்.

நடந்ததைச் சொல்கிறேன். பத்திரிகையில் வந்தது பாதிதான்.

ஸனத்துக்குக் காலையில் வலி எடுத்தது. மதியமாகியும் பிள்ளை இறங்கவில்லை. சுகாதாரப் பெண் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்து, "ஆஸ்பத்திரிக்குப் போகலேன்னா ரெண்டும் போயிரும், பரிகுல்" என்றாள். ஆண்கள் கீழே மந்தையோடு. ஆறு மரங்களை உருட்டிக்கொண்டு வந்தது. அதில் ஒரு மரம் இழுக்கிற கயிற்றைக் கரையோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மேல்கம்பி மட்டும் நின்றது. பெட்டியில் உட்கார்ந்து அந்தக் கம்பியையே கை மாற்றிக் கை பிடித்து இழுத்துத்தான் போகவேண்டும். ஸனத்தைப் பெட்டியில் படுக்கவைத்தார்கள். கூட ஒருவருக்குத்தான் இடம். நான் ஏறினேன்.

பாதி ஆற்றில் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. பெட்டி தொங்கும் இரண்டு சக்கரத்தில் ஒன்று கம்பியைவிட்டு நழுவியிருந்தது. கீழே பார்க்கவில்லை. எழுந்து நின்று கம்பியைத் தூக்கிச் சக்கரத்துக்குள் தள்ளினேன். அது உள்ளே விழுந்தது, என் கையும் கூடவே போனது. நான் கத்தவில்லை. ஸனம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு அக்கா?"

"ஒண்ணுமில்ல. சக்கரம் மாட்டிக்கிச்சு. நீ மூச்ச விடு."

தலைத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு மீதித் தூரத்தை இடது கையாலும் முழங்கை மடிப்பாலும் இழுத்தேன். அக்கரையில் நூருல்லா மினிபஸ்ஸைக் கரைக்கே இறக்கி நிறுத்தியிருந்தான். ஆஸ்பத்திரியில் ஸனத்தை உள்ளே கொண்டுபோன பிறகு நர்ஸ் என் பாவாடையைப் பார்த்து, "இதுல எது அவங்க ரத்தம், எது உங்க ரத்தம்?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு மயக்கம் வந்தது. அவள்தான் பத்திரிகைக்குச் சொல்லியிருக்கவேண்டும். நல்ல பெண். திட்டத் தோன்றவில்லை.

வெள்ளம் வடிந்ததும் பழைய கம்பியை மாற்றப் புதுக் கம்பி வந்தது. ஆனால் அக்கரைச் சாலை சரிந்துகிடந்ததால் ஆற்றங்கரைக்குக் கொண்டுவர வழியில்லை. மலைக்கு அந்தப் பக்கத்துத் தரெனார் ஊர்க்காரர்கள் அதைத் தோளில் சுமந்து முகடு ஏறி இறங்கிக் கொண்டுவந்து போட்டார்கள். மேய்ச்சல் நிலத்துக்காக நம்மோடு தலைமுறையாகச் சண்டை போடுகிறவர்கள். கம்பியை இறக்கிவைத்துவிட்டு, தேநீர்கூட வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். இந்தக் கரையிலிருந்து பெண்கள் நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்று அதை இழுத்துக் கட்டினோம். நான் இடது கையால் பிடித்தேன். பிடிக்கவேண்டாம் என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீ கடிதத்தோடு அனுப்பிய செய்தியைப் படித்தேன். கைவிடப்பட்ட ஊராம். எங்களை யாரும் கைவிடவில்லை. நாங்கள் இங்கேயே இருக்கிறோம், இருக்கவேண்டும் என்று இருக்கிறோம். ஏழைப் பெண் என்று வேறு. என் ஆட்டு மந்தையை அவன் பார்த்ததில்லை.

அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு குதாகரத்தோடு அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கே போனேன். ஆசிரியர் நரைத்த மீசைக்காரர். என் கையைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"உக்காருங்க" என்றேன். "விரல் என்னது. அதப் பத்தி நீங்க எழுதினது எழுதினதுதான். இப்ப ஊரப் பத்தி எழுதுங்க. ஆள அனுப்புங்க. ஆனா வர்றவன் கர்கர்ல ஏறணும். அக்கரைல நின்னு எழுதக் கூடாது."

"பரிதாபமா எழுதக் கூடாதுங்கிறீங்க" என்றார்.

"உள்ளத எழுதுங்க. பாலம் இல்ல. அதையும் எழுதுங்க. ஆனா நாங்க அழுதோம்னு எழுதாதீங்க. அழல."

ஒரு பெண்ணை அனுப்பினார், நர்கெஸ் என்று பெயர். கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான் ஏறினாள், ஆனால் ஏறினாள். எங்களோடு தங்கினாள். குதாகரம் சுட்ட ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னாள். சிங்கம் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து எழுதிக்கொண்டாள். படி வைத்த வயல், வாதுமைத் தோப்பு, பெண்கள் கம்பி இழுத்தது, எல்லாம். எங்களிடம் கேட்டதோடு விடாமல் நகரத்து ஆவணக் காப்பகத்திலும் போய்த் தேடியிருக்கிறாள். முந்தாநாள் முழுப் பக்கமாக வந்தது. கூட வைத்திருக்கிறேன்.

இதைக் கொடு. முதலில் வந்ததை வேண்டுமென்றால் மடித்து உன் சட்டைப்பையில் வைத்துக்கொள். உன் விதிக்கு இது போதாது என்றால், போதாது என்று சொல். அப்போதும் எங்களுக்கு அவமானம் இல்லை.

உன் அக்கா,
பரிகுல்

*

இஸ்ஃபஹான்
எஸ்ஃபந்த் 27

அக்கா,

உன் கோணல் எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நான் சுகம். உன் கை வலிக்கிற இரவுகளுக்குக் கடைக்குப் பக்கத்து மருந்தகத்திலிருந்து ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன். நூருல்லாவிடம் கேட்டு வாங்கு.

நர்கெஸ் எழுதியதை விவாதத்தில் வைத்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை. முன்னால் நீக்கலாம் என்று எழுதியவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பேச்சை அடித்துவிட்டு மாற்றி எழுதினார்கள். ஒருவர் மட்டும், ஒரே பத்திரிகைதானே, போதுமா என்று கேட்டார். அவருக்குத் தூரான் கானுமே பதில் எழுதினார். நர்கெஸ் குறிப்பிட்ட பழைய நில அளவைக் குறிப்பைத் தெஹ்ரான் நூலகத்துக்கு நேரில் போய் எடுத்துப் பார்த்திருக்கிறார் அந்த அம்மா. அதில் நம் ஊர்ப் பெயர் இருக்கிறது.

நேற்று மாலை விவாதத்தை முடித்தார். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: 'ஊர் இருக்கிறது. ஆதாரம் இருக்கிறது. கட்டுரை நிற்கும். பர்த்கவூவில் பிறந்தவர் கருத்து எண்ணப்படவில்லை, தேவைப்படவும் இல்லை.'

அதற்குப் பிறகு தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்க அக்காவுக்கு என் சலாம் சொல்லு. சிங்கத்துப் படம் ஒண்ணு வேணும்னும் சொல்லு" என்றார்.

பழைய வரி போய்விட்டது. இப்போது இருப்பது இது. நான் எழுதவில்லை, அவர் எழுதியது:

'பர்த்கவூ, ஸாக்ரோஸ் மலைப் பள்ளத்தாக்கில் உள்ள பக்தியாரி இனத்தாரின் கிராமம். ஆண்டு முழுவதும் மக்கள் வசிக்கிறார்கள். பழைய கல்லறையில் போர்வீரர்களுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் எழுப்பிய கல் சிங்கங்கள் உள்ளன. ஆற்றைக் கடக்க ஊர்மக்களே கட்டிப் பராமரிக்கும் கர்கர் பயன்படுகிறது. பாலம் இல்லை.'

பாலம் இல்லை என்ற இரண்டு சொல்லுக்கும் கீழே ஆதாரக் குறிப்புப் போட்டிருக்கிறார். இனி யாராவது கணினியைத் திருப்பிக் காட்டினால் இதைத்தான் காட்டவேண்டும்.

தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்லவேண்டும்போல இருந்தது. கடையில் கண்ணாடி வாங்க வந்த ஒருவரிடம் சொல்லியும்விட்டேன். "நல்லதுப்பா, பிரேம் கழண்டுபோச்சு, அதப் பாரு" என்றார்.

புத்தாண்டுக்குக் கடையில் விடுப்பு இல்லை. கோடையில் வருகிறேன். அத்தானிடம் அடி வாங்க நான் தயார்.

பெருமையோடு,
ஃபராமர்ஸ்

*

பர்த்கவூ
ஃபர்வர்தீன் 18

என் தம்பிக்கு,

புது வருஷம் உனக்கு எல்லாச் சுகமும் தரட்டும். நாங்கள் நன்றாக இருக்கிறோம். களிம்பு நன்றாக இருக்கிறது. சின்னப் பரிகுல் குப்புற விழப் பார்க்கிறாள். மலை முழுக்கப் பச்சை.

உன் கடிதம் வந்ததும் ஊரே மேட்டுக்கு ஏறியது, புதிதாக வாங்கிய தொலைபேசியில் எங்களைப் பார்க்க. ரானா உரக்கப் படித்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள் ஸனத்தின் மாமியார்.

"இன்னும் என்ன வேணும்?"

"என் வாதுமை மரத்தப் பத்தி ஒண்ணும் போடல."

"ஸாக்ரோஸ்னு போட்டிருக்கு இல்ல, உன் மரம் அதுலதான நிக்குது" என்றான் குதாகரம். பிறகு ரானாவிடம், "இன்னொரு வாட்டி படி" என்றான். அவள் படித்தாள். இறங்கி வரும்போது அவன் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன வாரம் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். அக்கரையில் நின்றார். நாங்கள் கையைக் காட்டினோம், ஏறி வந்தார். ஆற்றை அளந்தார், கரையைத் தட்டிப் பார்த்தார். பாலம் தருகிறோம் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. போகும்போது, "பர்த்கவூக்காரங்க கம்பி கட்டுறதுல கெட்டிக்காரங்க" என்றார். ஊரைப் பெயர் சொல்லிப் பேசினார். அது போதும் இப்போதைக்கு.

இனி நான் எழுத வந்த விஷயம். மேட்டில் எல்லோரும் இறங்கிய பிறகு நானும் ரானாவும் கொஞ்சம் தங்கினோம். நமக்குக் கம்பி சுமந்து வந்தவர்களின் தரெனாரைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். அது இல்லை. இலையுதிர் காலத்தில் நீக்கியிருக்கிறார்கள். நீக்கியவர் பெயர் கீழே இருந்தது. அது உன் பெயர்.

திட்டவில்லை. உனக்கு ஆதாரம் இல்லை, நீ விதிப்படி செய்தாய். நர்கெஸ் மறுபடி வருகிறாள். நேற்று நானே முகடு ஏறிப் போய் அவர்களிடம் பேசிவிட்டு வந்தேன். அவர்களுடைய மூப்பர் என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தியே பேசினார்.

"பர்த்கவூக்காரி எதுக்கு எங்களுக்கு நல்லது பண்ற?" என்றார்.

"நல்லதில்ல. கணக்கு நேர் பண்றேன்" என்றேன்.

பிறகு தேநீர் கொடுத்தார்கள். நான் குடித்தேன். கெட்ட தேநீர்.

நர்கெஸ் எழுதியதும் அனுப்புகிறேன். அதை வைத்து நீயே திறந்து வை. ஓட்டு நீ போடாதே, போடவேண்டிய அவசியமும் இருக்காது. அவர்கள் அடுப்புப் புகை முகட்டுக்கு மேலே எழுவது இங்கிருந்து தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வெயில் ஏறியதும் அவர்கள் ஆடுகள் எங்கள் புல்லுக்கு வரும், நாங்கள் போய்க் கத்துவோம். இல்லாத ஊரோடு நாங்கள் எப்படிச் சண்டை போடுவது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
பர்த்கவூவிலிருந்து
பரிகுல்